நடுவுக்கு வந்த கோடு

திரையில் ஒரு நீலக் கோடு. ஆங்கில எழுத்து 'வி' போல இரண்டு பக்கமும் உயர்ந்து, அடியில் கூராக இறங்கிய கோடு. அந்தக் கூர் முதலில் வலது ஓரமாகக் கிடந்தது. கருவி ஒவ்வொரு முறை அளந்து முடிக்கும்போதும் பழைய கோட்டின் மேல் புதிய கோடு விழுந்தது. விழும்போது கூர் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி விழுந்தது. யாரோ ஒருவர் அவசரமே இல்லாமல் அடியெடுத்து வைத்து நடுவை நோக்கி வருவதுபோல இருந்தது. என் மகள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில், அதைவிடத் தாழ்ந்த முக்காலியில். "வருது நைனா, வருது" என்றாள், மூச்சோடு மூச்சாக. எனக்கு அந்தக் கோட்டின் பொருள் பாதிதான் புரியும். ஆனால் என் நெஞ்சில் ஓர் அமைதி இறங்கியது. அவள் பிறந்த நாளிலிருந்து அப்படி ஓர் அமைதியை நான் அறிந்ததில்லை. அந்த அமைதியைப் பற்றியும், அதிலிருந்து எங்களை வெளியே இழுத்துப் போட்ட ஒரு பிள்ளையைப் பற்றியும் எழுதாமல் இனி இருக்க முடியாது என்று தோன்றுகிறது.

நான் மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டர். டிப்ளமோ படித்தவன். விஜயபுரம் பக்கத்துக் கிராமங்களில் நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களுக்குப் போகிற கம்பிகளோடு என் வேலை. மின்சாரம் என்றால் எனக்குப் பருத்த விஷயம்: விரல் தடிமன் அலுமினியக் கம்பி, ஓயாமல் முனகும் டிரான்ஸ்ஃபார்மர், மழை நாளில் கம்பத்தடியில் நின்றால் உள்ளங்காலில் ஏறும் சுர்ரென்ற கூச்சம். கம்பியைத் தொட்டவர்களைக் கீழே இறக்கியிருக்கிறேன். அதனாலோ என்னவோ, பயம் என் உடம்பில் இன்னொரு உறுப்பாகவே ஆகிவிட்டது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பேருந்து தாமதமானால் வண்டியை எடுத்துக்கொண்டு பெரிய சாலை வரை போய் நிற்பேன். அவள் இயற்பியல் படித்து, திருப்பதியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, "அங்க எவ்ளோ வோல்ட்டு?" அவள் சிரித்துவிட்டாள். "நாங்க அங்க உடறது டார்ச் பேட்டரி அளவுகூட இருக்காது நைனா. நீ துன்னுட்டு நிம்மதியா தூங்கு."

அவள் செய்துகொண்டிருந்தது கிராஃபீன் பட்டைகள். பென்சில் கரி ஏடு ஏடாக அடுக்கப்பட்டது. அதில் ஒரே ஓர் ஏட்டைத் தனியாக எடுத்தால் அதுதான் கிராஃபீன். ஓர் அணுவின் தடிமன். செப்புத் தகட்டை உலைக்குள் வைத்து, சூடேற்றி, மீத்தேனை விட்டால் தகட்டின் மேல் அந்த ஏடு படரும். பிறகு ஒரு கரைசலில் செம்பைக் கரைத்துவிடுவார்கள். செம்பு போனதும் ஏடு மட்டும் மிதக்கும். முதல்முறை எனக்குக் காட்டியபோது கண்ணாடிக் கிண்ணத்துக்கு மேல் வெகுநேரம் குனிந்து பார்த்தேன். தண்ணீர்தான் இருந்தது, தலையைச் சாய்த்தால் மேலே ஒரு மினுக்கம். மகள் இடுக்கியில் ஒரு சிலிக்கன் சில்லைப் பிடித்து, தண்ணீருக்குள் சாய்வாக இறக்கி, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல மேலே கொண்டுவந்தாள். சில்லின் மேல் ஏதோ இருந்தது என்று அவள் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

அகலமான ஏட்டில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்குமாம், நிறுத்த முடியாதாம். அதையே மிக ஒல்லியான பட்டைகளாக நறுக்கினால், நிறுத்தவும் ஓட்டவும் முடியுமாம். எவ்வளவு ஒல்லியாக நறுக்குகிறோமோ அதற்கேற்ப அதன் குணம் மாறும். "நாம நறுக்கற அகலம்தான் நைனா அதுக்குப் புத்தி" என்றாள். ஒரு பொருளின் புத்தியைக் கத்தரித்தே மாற்றலாம் என்பது அப்போதே எனக்கு லேசாகத் திகிலூட்டியது. அந்தப் பட்டை எதையும் உணர்ந்துவிடும். அளக்கும்போது பக்கத்தில் கையை அசைத்தால், நம் உடம்பில் ஒட்டியிருக்கும் மின்னேற்றம் பட்டு, திரையில் கோடு ஒரு நடுக்கம் நடுங்கும். அதற்குக் காற்றே ஆகாது. ஈரமும் ஆக்ஸிஜனும் விளிம்பில் ஒட்டிக்கொண்டால் 'வி'யின் கூர் நடுவில் விழாமல் வலப்பக்கம் விலகிவிடும். காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள்தான் ஒழுங்காக விழும். திறந்த மேசையிலும் கோடு நடுவில் விழவேண்டும். அதற்காகப் பட்டையின் மேல் ஒரு மெல்லிய பூச்சைப் பூசிப் பூசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

அங்கே அவளுக்கு மூத்த மாணவன் ஒருவன் இருந்தான். அவள் அவனை அண்ணா என்பாள். வீட்டில் பேசும்போது சீனியர். மூன்று மாநில எல்லையில் இருக்கும் குப்பம் என்கிற ஊர்ப் பிள்ளை. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, எல்லை தாண்டினால் கன்னடம். கருவி மக்கர் செய்தால் மூன்றிலும் முறைவைத்துத் திட்டுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நகரியில் பஸ் ஏறி, மலைக்குப் போகிற கூட்டத்தோடு நெருக்கியடித்துக்கொண்டு, களியும் வேர்க்கடலைச் சட்னியும் கொண்டு போவேன். தூக்கைத் திறந்ததும் முதல் உருண்டையை அவன்தான் எடுப்பான்.

"லைன்மேன் மவளே, உங்க நைனா வந்தாத்தான் இந்த லேபுக்கே கரண்ட்டு வருது."

"அண்ணா, அது எனக்குக் கொண்டாந்தது."

"நீ கண்ணுக்குத் தெரியாததைச் செய்யறவ. களியையும் அப்படியே நெனச்சிக்கினு துன்னு."

அந்த அறையின் வழக்கங்களை வகுத்தவன் அவன்தான். அளவெடுக்கும்போது ஏசி, மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். அவற்றின் அதிர்வுகூடக் கோட்டைக் கெடுக்கும். கதவில் ஓர் அட்டையைத் தொங்கவிட வேண்டும். அட்டை தொங்கினால் துறைத்தலைவரே வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது. தூசி வராமலிருக்க வெளியே செருப்பை விட்டுவிட்டு, அங்கே அடுக்கியிருக்கும் நீல ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். ஒருநாள் சாப்பிடும்போது எங்கள் லைன் கிளியர் முறையைப் பற்றி அவனிடம் சொன்னேன். கம்பத்தில் ஆட்கள் ஏறும் முன் அந்த லைனை நிறுத்தி, எங்கள் பொறுப்பில் வாங்கிக்கொள்வோம். எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று தலையை எண்ணிப் பார்த்த பிறகுதான் திரும்ப மின்சாரம் விடச் சொல்வோம். அவன் ரசித்துக் கேட்டான். "நாங்க செருப்ப எண்ணுவோம் நைனா. வெளிய எத்தினி ஜோடியோ, உள்ள அத்தினி பேரு." என் மகள் என்னை நைனா என்று அழைப்பதைக் கேட்டுக் கேட்டு அவனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்திருந்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தொடக்கத்தில் சொன்ன அந்த நாள், பகலில் அனுமதி வாங்கி என்னை உள்ளே உட்கார வைத்தாள் மகள். புதிய பூச்சு, அதன் முதல் அளவை நான் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சீனியர் அடுத்த அறையில், உலைப் பக்கம் ஏதோ வேலையாக இருந்தான். அங்கே அவனுடைய மேசைத் திரையிலும் எங்கள் கோடு தெரியும். கதவு மூடப்பட்டது, அட்டை தொங்கியது, விசிறி நின்றது. அறைக்கு ஜன்னல் கிடையாது. அந்த நிசப்தம் எனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்லவேண்டும். பக்கத்தில் மகள். கோடு ஒவ்வொன்றாக விழுந்தது. கூர் நடந்து நடந்து நடுவுக்கு வந்துகொண்டிருந்தது. அவளுடைய கல்யாணம், அவளுடைய உடம்பு, அவள் ஏறும் பஸ், இறங்கும் படிக்கட்டு என்று என் தலைக்குள் ஓயாமல் முனகிக்கொண்டிருந்த டிரான்ஸ்ஃபார்மர் நின்றுபோயிருந்தது. இனி எதுவும் ஆகாது என்று தோன்றியது. கைகால்கள் யாருடையவோ போல் லேசாக இருந்தன. மகள் என் தோளில் சாய்ந்து காரணமில்லாமல் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கதவு படாரென்று திறந்தது. சீனியர் வாசலில் நின்று கத்தினான்: "வெளிய வாங்க! ரெண்டு பேரும் வெளிய வாங்க!"

மகளுக்குக் கோபம் வந்தது. நாக்கு குழறியது. "அண்ணா, கதவ மூடு... கர்வ் கெடுது... பூச்சு புடிச்சிக்கிச்சி..."

"பூச்சு புடிச்சிருந்தா மொதல்லயே நடுவுல நிக்கும்மா! நடந்து வருது பாரு! இது பூச்சில்ல, உள்ள காத்தே இல்ல!"

அவன் சொன்னது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. மேசைக்குப் பின்னால், பட்டையின் மேல் படியும் தூசியை ஊதுவதற்காக, பக்கத்து அறையிலிருந்து ஆர்கான் வாயு வரும் குழாய் ஒன்று சுவரைத் துளைத்துக்கொண்டு வருகிறது. அதன் இணைப்பு கழன்றிருந்தது. ஆர்கானுக்கு நிறமில்லை, வாசனையில்லை, கண் எரியாது, இருமல் வராது. காற்றைவிடக் கனமானது, தண்ணீர்போல அடியிலிருந்து நிரம்பும். ஆக்ஸிஜன் குறைந்தால் அலறும் கருவி உலை அறையில் மாட்டியிருந்தது, வாயு புழங்கும் இடம் அதுதான் என்று. எங்கள் அறையில் இல்லை. எங்கள் அறையில் அலறியது அந்தப் பட்டை ஒன்றுதான். காற்று குறையக் குறைய அதன் கோடு அழகாகிக்கொண்டே வந்தது. அந்த அழகுக்காகத்தான் என் மகள் வருடக்கணக்காகக் காத்திருந்தாள். அதனால் அவள் எழுந்திருக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் தலை சுற்றுகிறதே என்று வெளியே வந்திருப்பார்கள்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து அவளை அக்குளில் கைகொடுத்து இழுத்துப்போனான். திரும்பி வந்தான். நான் எழுந்து நிற்கப் பார்த்தேன், கால்கள் இல்லை. என்னை முதுகுப்பக்கமாக வாரி, வாசற்படி தாண்டிக் கொண்டுபோய்ப் போட்டான். கனத்த உடம்பு எனக்கு. அவன் வாயைத் திறந்து இரைக்க இரைக்க மூச்சுவிட்டான். வராந்தாவின் கோடியில் மலை தெரிந்தது. அதைப் பார்த்தபடி கிடந்தேன். அவன் கதவோரம் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் கன்னத்தைத் தட்டினான்.

"நைனா, மூணு ஜோடி இருக்குது. இன்னொருத்தர் யாரு? உள்ள இன்னொருத்தர் யாரு?"

அவன் கேட்டது காதில் விழுந்தது. என் நாக்கு அசையவில்லை. அசைந்திருந்தாலும் பதில் தெரிந்திருக்காது. என் செருப்பு, மகளின் செருப்பு, பக்கத்தில் ஒரு பழுப்புத் தோல் செருப்பு. அது யாருடையது என்று நான் எப்படி அறிவேன்? அவன் இன்னொரு முறை உள்ளே போனான். காலில் நீல ரப்பர் செருப்பு இருந்ததைப் பார்த்தேன். அந்தப் பழுப்புச் செருப்பு அவனுடையது. காலையில் கருவியைச் சரிபார்க்க வந்தபோது அங்கே விட்டுவிட்டு, ரப்பர் செருப்போடே உலை அறைக்குப் போயிருக்கிறான். காற்றில்லாத அறைக்குள் இரண்டு முறை போய்வந்த தலைக்கு, தன் செருப்புத் தன்னுடையதாகத் தெரியவில்லை. உள்ளே அவன் தேடிப் போனது அவனைத்தான்.

காவலாளிகள் ஓடிவந்து அவனை வெளியே கொண்டுவந்தபோது எனக்கு உட்காரும் தெம்பு வந்திருந்தது. மேசைக்கு அடியில் முழங்கால் மடித்து, தலையை உள்ளே நுழைத்த நிலையில் கிடந்தான் என்றார்கள். வாயு அங்கேதான் ஆழமாகத் தேங்கியிருந்தது. அந்த ஆழத்தில் ஒருவன் இரண்டு மூச்சு இழுத்தால் போதுமாம். யாரையோ கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குனிந்து பார்த்ததுபோல ஒரு கை நீண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

குப்பத்துக்குப் போனேன். அவனுடைய அப்பா கிரானைட் குவாரியில் வேலை பார்த்தவர். காது கொஞ்சம் மந்தம். என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிள்ளை கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்டார். இதைச் சொல்லலாமா என்று தயங்கினேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே இன்னொருத்தர் யார் என்று கேட்டான் என்றேன்.

"யாரு இருந்தாங்க?"

"யாரும் இல்லீங்க."

அவர் தலையை ஆட்டினார். ஊர்க்காரர்கள் வந்து போனார்கள், யாரோ காபி கொடுத்தார்கள். நான் புறப்படும்போது ரயில் நிலையம் வரை கூடவே வந்தார். வண்டி நகரும் முன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நல்லாப் பாத்தீங்களா? உள்ள யாருமே இல்லியா?" இல்லை என்று மறுபடி சொன்னேன். அவர் நம்பினாரா தெரியவில்லை. சில நாட்களில் எனக்கே அது உறுதியாக இல்லை.

ஏனென்றால் கருவி அதன்பாட்டுக்கு அளந்துகொண்டே இருந்திருக்கிறது. யாரும் அதை நிறுத்தவில்லை. மகள் பிறகு அந்த அளவுகள் பதிவான கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறாள். எனக்குக் காட்டினாள், காட்டியிருக்க வேண்டாம். அவன் அவளை இழுத்துப்போன இடத்தில் கோட்டில் ஒரு நடுக்கம். என்னை இழுத்துப்போன இடத்தில் இன்னொன்று. மூன்றாவது முறை அவன் உள்ளே வந்த இடத்தில் ஒன்று. அதன் பிறகு ஒரு நடுக்கமும் இல்லை. காவலாளிகள் வரும்வரை கோடு அப்பழுக்கில்லாமல் விழுந்துகொண்டிருக்கிறது, கூர் மிகச் சரியாக நடுவில். புத்தகத்தில் போடலாம், அவ்வளவு அழகு. அவன் அங்கேயே, அந்த மேசைக்கடியில் இருந்த நேரம் அது.

மகள் பல மாதங்கள் வீட்டில் இருந்தாள். வங்கித் தேர்வுக்குப் படி என்றேன். ஆசிரியர் வேலை பார் என்றேன். பிறகு ஒருநாள் காலை பையை எடுத்து வைத்தாள்.

"போவாதம்மா" என்றேன். "உன்னால முடியாதுன்னு சொல்லல. என்னால முடியாது."

"பூச்சு பாதியில நிக்குது நைனா. அண்ணா சொன்னது சரின்னு நான் காட்டணும். புடிச்சா மொதல்லயே நடுவுல நிக்கணும், நடந்து வரக்கூடாது."

"அதக் காட்டி யாருக்கு இன்னா ஆவப்போவுது?"

அவள் என்னைப் பார்த்தாள். "அந்தக் கோட்ட அழகா இருக்குதுன்னு நான் பாத்துக்கினு உக்காந்திருந்தேன் நைனா. அதுவே கடைசிக் கோடா நின்னா நான் எப்படித் தூங்கறது?" பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

இப்போது அந்த அறையின் சுவரில் ஜன்னல் வெட்டியிருக்கிறார்கள். அலறும் கருவிகள் இருக்கின்றன, ஒன்று முழங்கால் உயரத்தில். அட்டை கிடையாது, கோடு கொஞ்சம் நடுங்கினாலும் விசிறி ஓடுகிறது, கதவு திறந்தே இருக்கிறது. இதையெல்லாம் நானே போய்ப் பார்த்து வந்தேன். ஆனால் எனக்குள் ஒன்று தலைகீழாகிவிட்டது. முன்பெல்லாம் பயம் வந்தால் அவளுக்கு போன் செய்வேன். இப்போது பயம் இல்லாதபோதுதான் செய்கிறேன். சாயங்காலம் வரப்போரம் நின்றுகொண்டிருப்பேன், நல்ல காற்று, மனம் லேசாக இருக்கும். உடனே உடம்பெல்லாம் குளிர்ந்துவிடும். அந்த லேசு எனக்குத் தெரிந்த லேசு. நின்ற இடத்திலிருந்து நகர்ந்துவிடுவேன். வீட்டில் படுத்திருந்தால் எழுந்து ஜன்னலைத் திறப்பேன், திறந்தே இருந்தாலும்.

அவள் சொன்ன இன்னொன்றும் என்னை அரித்துக்கொண்டிருந்தது. பூச்சு நன்றாகப் பிடித்துவிட்டால் பட்டைக்குக் காற்று இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். இரண்டிலும் கோடு நடுவில்தான் நிற்கும். அன்று எங்களுக்காக அலறியது பூச்சுப் பிடிக்காத பட்டை. அவள் ஜெயிக்கும் நாளில் அந்தப் பட்டைக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறை அவள் போன் செய்து, "இன்னிக்கும் கோணல்தான் நைனா, வலதுபக்கம் ஓடிப்போச்சி" என்று சலித்துக்கொள்ளும்போதும், பெற்றவன் சொல்லக்கூடாத ஒன்றை மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்: அப்படியே இருக்கட்டும்.

சென்ற வாரம் மாலையில் அழைத்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

"நின்னுடுச்சி நைனா."

"இன்னா நின்னுது?"

"கோடு. மொதல் அளவுலயே. நடுவுல. நடந்து வரல. திரும்பத் திரும்ப எடுத்துக்கினு இருக்கேன், அசையல. அண்ணா சொன்ன மாதிரியே."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அன்றும் அவள் சிரித்தாள்.

"நீ எங்க இருக்கற?"

"லேபுலதான். கதவு தெறந்திருக்குது நைனா. ஜன்னல் தெறந்திருக்குது. விசிறி ஓடுது. அலாரம் மெஷின் பச்சையா எரியுது. பக்கத்துல ரெண்டு பேரு இருக்கறாங்க."

"வெளிய வா."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ரப்பர் செருப்பின் சப்தம், வராந்தா, படிக்கட்டு. பிறகு போனுக்குள் காற்று உராய்ந்தது. தூரத்தில் ஒரு பஸ் ஹாரன்.

"வந்துட்டேன் நைனா. வெளிய நிக்கறேன்."

"இன்னும் கொஞ்சம் தள்ளி வா" என்றேன்.

அவள் நடந்தாள்.